ஆற்றில் விட்டவை

ஜனவரி முதல் தேதி காலையில் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியைகளின் வாட்ஸ்ஆப் குழுவில் வாழ்த்துப் படங்கள் வந்து குவியும். ரோஜாப்பூ, சூரிய உதயம், கைகூப்பிய குழந்தை. நடுவே யாராவது ஒருவர், புது வருடத்தில் வாழ்க்கையை மேம்படுத்திக்கொள்ளப் பத்து வழிகள் என்று ஒரு நீளச் செய்தியையும் தள்ளிவிடுவார். விடியற்காலையில் எழுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், நடங்கள், படுக்கையில் போனைத் தொடாதீர்கள். நாங்களும் ஆளுக்கொரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இட்லிக்கு ஊற்றப் போய்விடுவோம். அதைப் படித்து மனம் மாறுகிற ஒன்றிரண்டு பேர் சர்க்கரை இல்லாத காபியில் தொடங்குவார்கள். அது பொங்கல் வரைக்கும் ஓடும்.

என் மாமனாருக்குப் பத்து வழி கிடையாது, ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு வழியை அவர் கடைசிவரை கைவிடவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வெட்கத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். வெளியே எடுத்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் கல்யாணமாகி வந்தபோது மாமனார், மாமியார், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி என்று எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணனுக்கு விவசாயம். என் கணவருக்குத் திருவாரூரில் வேலை. நாத்தனார் சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார். நான் குடவாசலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அந்த வீட்டில் மாமனாரைத் தேடவேண்டிய வேலையே இருக்காது. சத்தத்தை வைத்தே ஆள் எங்கே என்று சொல்லிவிடலாம். விடிவதற்கு முன் கொல்லையில் நின்று தொண்டையைக் காறிச் சரிசெய்வார், தெருக்கோடி நாய்கள்வரை எழுந்து நின்றுவிடும். பால்காரர் சைக்கிளை எடுப்பதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்று அத்தை கேலி செய்வார். சிரித்தால் ஓட்டில் உட்கார்ந்திருக்கும் புறா பறந்துவிடும். கல்யாணமான புதிதில் எனக்கு இதெல்லாம் திகிலாக இருந்தது. எங்கள் அப்பா வீட்டில் இருப்பதே தெரியாது, அப்படி ஒரு அமைதியான மனிதர். இவரானால் செருப்பை வாசலில் கழற்றுவதைக்கூட ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் கழற்றுவார்.

எங்கள் கல்யாணத்தோடு அவருடைய பொறுப்புகள் முடிந்துவிட்டன என்று அவரும் அத்தையும் ஒரு சுற்றுலா பஸ்ஸில் காசிக்குப் போனார்கள். காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், அப்புறம் ஆயுளுக்கும் அதைத் தொடக்கூடாது. பழத்தை நானும் இங்கே விட்டுவிடுகிறேன், இந்தக் கதை காயைப் பற்றியது. பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் விவரமான ஆட்கள். ஒருவர் பாகற்காயை விட்டார். இன்னொருவர் கோவைக்காயை விட்டார். அத்தை சுரைக்காயை விட்டார், அது எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்தாலும் மாட்டுக்குத்தான் போகும். மாமனார் மட்டும் கத்தரிக்காயை விட்டார்.

அவர் கத்தரிக்காய் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கொள்ளிடப் படுகையில் விளைந்த காய் சந்தைக்கு வந்தால் பையை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார். எண்ணெயில் வதக்கிப் புளிக்குழம்பில் போட்டால் சோறு இன்னொரு சுற்று கேட்கும். அதைப் போய் விட்டுவிட்டு வந்தார்.

"பஸ்ஸுல வந்த அத்தனை பேரும் பாகற்காயை விட்டுட்டு கங்கையில முழுகி எந்திரிச்சாங்க. கங்கைக்குத் தெரியாதா எது பாகற்காய்னு?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். புறா பறந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒரு கத்தரிக்காயோடு போயிருக்கும். காசி அவருக்கு ஒரு யோசனையைக் கொடுத்துவிட்டது. வருஷத்துக்கு ஒன்று விடுவது. ஆயுள் முடிவதற்குள் மனுஷன் சுத்தமாகிவிடலாமே என்பது அவருடைய கணக்கு. ஆனால் எதை விடுவது என்று தானே முடிவு செய்யக்கூடாது. "நாமளா விடறதுன்னா பாகற்காயைத்தான் விடுவோம். கூட இருக்கறவங்களைக் கேக்கணும். நம்மகிட்ட எது கசப்புன்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

சித்திரை வருஷப் பிறப்புக்குத்தானே இதைச் செய்யவேண்டும் என்று அத்தை கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"சித்திரையில ஆத்துல மணல்தான் கெடக்கும். மணல்ல விட்டா காத்து திருப்பி வீட்டுக்கே கொண்டாந்து போட்டுடும். ஜனவரியிலதான் தண்ணி ஓடுது. தண்ணியில விட்டா நாகப்பட்டினத்துக்கு அந்தாண்ட போயிடும்."

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் வருஷப் பிறப்பு வந்து சேர்ந்தது. அன்று காலையில் மாமனார் வீட்டில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "என்கிட்ட உனக்கு எது இடைஞ்சலா இருக்கு? சொல்லு" என்பார். எல்லாரும் முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். விடமாட்டார். சொன்ன பிறகு பேரம் கிடையாது. ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார். முகம்கூட மாறாது. நேரே ஆற்றுக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து, ஈரத்துண்டை ஒரு தடவை உதறி, "விட்டாச்சு" என்பார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது அவரிடம் இருக்காது.

முதலில் மாட்டியது காறல். அதைச் சொன்னவர் மூத்த மருமகள், என் ஓரகத்தி. சொன்னதில் தப்பு இல்லை, கைக்குழந்தை வைத்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் நான் வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போனேன். தென்னை மரத்துக்குப் பின்னால் மாமனார் துண்டை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன, சத்தமே இல்லை. நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, போ போ என்று கையைக் காட்டினார். நான் வாளியோடு உள்ளே வந்துவிட்டேன். ஓரகத்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் என்னைப் போலக் கூச்சமாக இருக்கும், இரண்டு பேர் கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் கேட்டதும் நியாயமானதுதான். "வரப்புல நின்னுக்கிட்டு ஆளுங்க முன்னாடி என்னைச் சத்தம் போடாதீங்கப்பா. யாரும் என்னை மதிக்க மாட்டேங்கறாங்க." விட்டாச்சு. அதற்குப் பிறகு மாமனார் வயலுக்கு வருகிற சாலையில் மதகு வரைக்கும் மட்டும் போவார். மதகுக் கட்டையில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார், வயலுக்கு முதுகு காட்டி. நான் வேலைக்குப் போகும் டவுன் பஸ் அந்த வழியாகத்தான் போகும். சம்பாப் பயிர் பச்சையாக விரிந்து கிடக்கும், அதற்கு முன்னால் அவர் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஸ்ஸுக்குக் கையை ஆட்டுவார். ஒருநாள் கேட்டேன், ஏன் மாமா திரும்பி உட்காரக்கூடாதா என்று.

"வயலைப் பாத்தா வாய் சும்மா இருக்காதும்மா. எதுக்கு வம்பு?" என்றார்.

என் கணவர் கேட்டது பந்தி விஷயம். விசேஷ வீடு யாருடையதாக இருந்தாலும் மாமனார் பந்தியில் நுழைந்துவிடுவார். வரிசையாக இலை இலையாக நடந்து, இங்க ரசம் வரலை பாரு, இந்தப் பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் போடு, என்னம்மா நீ சாப்பிடவே இல்லை என்று விசாரித்துக்கொண்டே போவார். என் கணவரின் ஆபீஸ் ஆட்கள் ஒரு கல்யாணத்தில் இதைப் பார்த்துச் சமையல் காண்டிராக்டர் என்று நினைத்துவிட்டார்களாம். இவருக்கு மானம் போய்விட்டது. அந்த ஜனவரியில் சொல்லிவிட்டார்.

அதன் பலன் என் மகளின் காதுகுத்தில் தெரிந்தது. குலதெய்வக் கோயிலில் பந்தல் போட்டிருந்தோம். என் பிறந்த வீட்டு ஜனம் முழுக்க வந்திருந்தது. மாமனார் பந்தலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்திப் பக்கம் திரும்பவே இல்லை. என் தாய்மாமா கை கழுவிவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"உங்க மாமனாருக்கு எங்க மேல என்னம்மா கோவம்? சாப்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் எதையோ எடுத்துவரப் போகிறவர் மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். மாமாவிடம் என்ன சொல்வது? நாங்கள்தான் விடச் சொன்னோம் என்றா? உடம்பு சரியில்லை மாமா என்று ஒரு பொய்யைச் சொன்னேன். மாமா நேரே அவரிடம் போய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாங்க, ரெண்டு நாளா முடியலை என்று சொல்லி எனக்காக இருமிக் காட்டினார். காறலை விட்டவர், சின்ன இருமலாகத்தான் வந்தது. எனக்கு அந்தப் பந்தலிலேயே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யாரும் பெரிதாக எதையும் கேட்டுவிடவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் சூதாடவில்லை, குடிக்கவில்லை. விடச் சொல்வதற்கு ஒரு நல்ல கெட்ட பழக்கம்கூட அவரிடம் இல்லை. அதனால் நாங்கள் சின்னச் சின்னதாகக் கேட்டோம். ஒவ்வொன்றும் போனபோது வீடு கொஞ்சம் வசதியாக ஆயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாத்தனார் ஒரு தடவை புது வருஷத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவர் முறை வந்தது. "போன் பண்ணினா எப்ப வர்ற, எப்ப வர்றன்னு அதையே கேக்காதீங்கப்பா. நினைச்சா கிளம்பி வர்ற மாதிரியா இருக்கேன்? மனசு கஷ்டமா போவுது" என்றார். விட்டாச்சு. அதற்குப் பிறகு போன் வந்தால் மாமனார் நல்லாருக்கியா என்பார், நல்லாருக்கோம் என்பார், அம்மாகிட்ட குடுக்கறேன் என்பார். கொஞ்ச நாளில் நாத்தனார் எனக்குப் போன் செய்தார். "அப்பா ஏன் பேசவே மாட்டேங்கிறாங்க? என் மேல எதாவது வருத்தமா?" என்று கேட்டார். தான் சொன்னதை அவர் மறந்தே போயிருந்தார். ஞாபகப்படுத்தலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. கடல் தாண்டி இருக்கிற பெண்ணுக்கு இதையும் அனுப்பவேண்டுமா என்று அடக்கிக்கொண்டேன்.

இந்த வரிசையில் என்னை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. அத்தையை இரண்டு தடவை கேட்டாயிற்று, அண்ணனை இரண்டாவது தடவை கேட்டாயிற்று. ஒரு வருஷம் டீக்கடைக்காரரைப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பேப்பரை முதல் ஆளாக எடுத்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் உரக்கப் படிக்கிறீர்களே, அதுதான் என்று அவர் சொல்லிவிட்டாராம். அதோடு பேப்பரும் போயிற்று. எனக்குச் சுருக்கென்றது. டீக்கடைக்காரருக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லையா? அப்படியானால் நான் இந்த வீட்டில் யார்? என் கணவரிடம் சொல்லிக் குறைப்பட்டேன். அவர், தப்பிச்சேன்னு சந்தோஷப்படு என்றார்.

கேட்டால் சொல்வதற்கு என்னிடமும் ஒன்று இருந்தது. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, நின்றபடியே பஸ்ஸில் வந்து, இடுப்பு கழன்றுவிடும்போல வீட்டுக்குள் கால் வைப்பேன். முன்வாசலில் மாமனார் நிற்பார். கையில் எனக்காக ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும். "டீச்சரம்மா, இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சேதி?" என்பார். நான் குடித்து முடிக்கும்வரைக்கும் காத்திருப்பார். சும்மா கேட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. போன வாரம் நான் ஏதோ வாய்தவறிச் சொன்ன பெண்ணை நினைவு வைத்திருந்து, அந்த மூணாவது பெஞ்சுப் பொண்ணு வகுத்தல் கத்துக்கிச்சா, அந்தத் திருட்டு முழி முழிக்கிற பய இன்னிக்கு வந்தானா என்று ஒவ்வொன்றாக எடுப்பார். எனக்கோ பகல் முழுக்கப் பேசித் தொண்டை காய்ந்திருக்கும். அடுப்படியில் ராத்திரிச் சமையல் காத்திருக்கும். "என்ன நடக்கும், வழக்கம்போலத்தான் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். மறுநாளும் நிற்பார்.

ஒருநாள் பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்தேன். தெருமுனையிலிருந்தே அவர் சொம்போடு நிற்பது தெரிந்தது. அப்படியே வாய்க்கால் பக்கமாகத் திரும்பி, கொல்லை வழியாக வீட்டுக்குள் போய்விட்டேன். சேலை மாற்றிக் காபி கலந்து குடித்து முடித்த பிறகும் அவர் முன்வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்புறம் எதற்கோ உள்ளே வந்தவர் என்னை அடுப்படியில் பார்த்தார். சொம்புத் தண்ணீரை அப்படியே முற்றத்துத் துளசிக்கு ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் வழக்கம்போல நின்றார், வழக்கம்போலக் கேட்டார். அதனால் அதை நானும் மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு ஜனவரி முதல் தேதி. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை, கோயில் ஒலிபெருக்கி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானச் சமையலுக்கு நான் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் மாமனாருக்கென்று தனிச்சட்டியில் குழம்பு. காசியிலிருந்து வந்த நாளாக அந்தத் தனிச்சட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் கத்தரிக்காய் என்றால் அவருக்கு வேறு. அடுப்படிப் பக்கம் வராதவர் அன்று வந்து நிலைப்படியில் நின்றார்.

"டீச்சரம்மா, இந்த வருஷம் உன்னைத்தான் கேக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு வீம்பு எட்டிப் பார்த்தது. "இத்தனை வருஷம் ஏன் மாமா என்னைக் கேக்கலை?"

அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்மா. ஒருநாள் கொல்லை வழியா வந்தியே, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் உன்னை நிக்க வெச்சு சேதி கேக்கறேன்ல, அதைத்தான் சொல்லுவ. அதை விடறதுக்கு மட்டும் எனக்கு மனசு வரலை. அதான் உன்னைத் தள்ளித் தள்ளி வெச்சுட்டு மத்தவங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். கேக்க ஆளு இல்லாம டீக்கடைக்குக்கூடப் போனேன்." என் கையில் இருந்த கத்தரிக்காயைப் பார்த்தார். "பாகற்காயை விட்டவங்களைச் சொல்லிச் சிரிச்சேன் பாரு, நானும் அந்த பஸ்ஸுல வந்தவன்தானே. வெக்கமா இருக்கும்மா. நீ சொல்லிடு. இன்னிக்கே போய் விட்டுட்டு வந்துடறேன்."

அவருக்கு வெட்கமாம். எனக்கு நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடக்கூடக் கை எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். அவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்து, கடைசியில் ஒன்றை மட்டும் எங்கள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிற நேரம். அதைப் பறிப்பதற்குத்தான் நான் தயாராக இருந்தேன்.

ஒன்றுமில்லை மாமா என்று சொன்னால் போகமாட்டார், தெரியும். ஏதாவது சொல்லியாகவேண்டும். கையில் கத்தரிக்காய் இருந்தது.

"மாமா, உங்களுக்குன்னு தனிச்சட்டி வைக்கவேண்டியிருக்கு. வேலைக்கும் போயிட்டு வந்து என்னால முடியலை. கத்தரிக்காய் சாப்பிட மாட்டேங்கிறீங்களே, அதுதான் எனக்கு இடைஞ்சல். அதை விட்டுடுங்க."

அவர் முகம் மாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அது காசியில விட்டதும்மா."

"நீங்கதானே பேரம் கிடையாதுன்னு சொல்லுவீங்க."

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்ததா, இல்லை உண்மையாகவே தனிச்சட்டிதான் இத்தனை நாளும் என்னை வருத்தியது என்று நம்பிவிட்டாரா, எனக்குத் தெரியாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனார். திரும்பி வந்து உதறினார். "விட்டாச்சு" என்றார்.

அத்தை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "காசியில விட்டதை யாராவது அடுப்படியில எடுக்கச் சொல்லுவாங்களா? அந்தப் பாவம் யாருக்கு? ஒரு சட்டி கழுவறதுக்கா உனக்கு இவ்வளவு கஷ்டம்?" எனக்கு வாயைத் திறக்க வழியில்லை. உண்மையைச் சொன்னால் மாமனார் ஒளித்து வைத்திருந்ததையும் சொல்லவேண்டி வரும். பொங்கல் வரைக்கும் அத்தை என்னோடு பேசவில்லை. ஓரகத்திகூட என்னைச் சோம்பேறி என்கிற மாதிரிதான் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் இலையில் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றியபோது வீடே அவரைச் சுற்றி நின்றது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். விழுங்குவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் கண்ணில் பழைய ஆசை தெரியுமா என்று நான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கா மாமா?"

"நல்லாத்தாம்மா இருக்கும். எனக்குத்தான் ருசி மறந்துபோச்சு."

அதற்குப் பிறகு வைத்தபோதெல்லாம் சாப்பிட்டார். இன்னொரு சுற்று சோறு கேட்கவில்லை. அவருக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேனா, இன்னொன்றையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. சாயங்காலச் சொம்பு மட்டும் அவரிடம் தங்கியது. நான் அப்புறம் ஒரு நாளும் கொல்லை வழியாக வரவில்லை. அதற்காகத் தினமும் உட்கார்ந்து சேதி சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். சில நாள் சொன்னேன். பல நாள், வழக்கம்போலத்தான் மாமா என்றேன். அசதி பொய் இல்லையே. அவர் அதையும் ஒரு சேதியாக வாங்கிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோது நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து வந்தார். அதற்குள் அவருக்குத் தான் சொன்னது ஞாபகம் வந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்பா, எப்ப வர்றன்னு கேளுங்கப்பா. ஒரு தடவை கேளுங்க. நான் அடுத்த மாசமே வந்துடறேன்னு சொல்றேன்." அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் காலடியில் நின்றார். மாமனார் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அது விட்டாச்சும்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுக்கமுடியாமல் போய்விட்டதே என்கிற மாதிரிச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு இந்த வீட்டில் யாரும் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஜனவரி முதல் தேதி வந்தால் பாயசம் வைக்கிறோம், கோயிலுக்குப் போகிறோம், அவரவர் போனைப் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த வருஷம் எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. என் மகள் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். ஊஞ்சலில் காலை நீட்டிக்கொண்டு அவள் போனைத் தடவிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குழுவில் அந்தப் பத்து வழிகள் வந்து விழுந்திருந்தன. வார்த்தை தானாக வந்துவிட்டது.

"என்கிட்ட உனக்கு எதுடி இடைஞ்சலா இருக்கு?"

"என்னம்மா திடீர்னு?"

"சும்மா சொல்லு. புது வருஷமில்ல? விட்டுடறேன்."

அவள் மற்றவர்களைப் போல முதலில் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. யோசிக்கவும் இல்லை. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"தெனம் சாயங்காலம் போன் பண்ணி, இன்னிக்குக் காலேஜ்ல என்ன சேதின்னு கேக்கறியே, அதை விட்டுடும்மா. என்னத்த சொல்றது? எப்பவும் போலதான் இருக்கும்."

சரி என்றேன். கீரைத் தண்டை ஒடித்துப் போட்டேன்.

லீவு முடிந்து அவள் தஞ்சாவூர் போய்விட்டாள். சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, காபி கலந்துகொண்டு, போனைக் கையில் எடுக்கிறேன். கீழே வைத்துவிடுகிறேன். மாமனாருக்கு இருந்த சாமர்த்தியம் எனக்கு இல்லை. கேட்கக்கூடாத ஆளை அவர் எத்தனையோ வருஷம் கேட்காமலே தள்ளித் தள்ளி வைத்திருந்தார். நான் நேரே அவளிடமே போய்க் கேட்டுவிட்டேன்.